தேதி இல்லாத துக்கம்

ஜூலை 6, சனி

காலை 5.40க்குத் திருமேனிநாதன் காலமானான். பால் வந்துவிட்டிருந்தது, பேப்பர் வரவில்லை.

நாற்பத்தோரு வருட நண்பன். தொலைபேசித் துறையில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஞாயிறு வட்டத்துக்கு அவன் தலைவன், நான் செயலாளர். கடவுள் இல்லை என்பதை ஞாயிறுதோறும் கூடி உறுதிசெய்துகொள்ளும் அமைப்பு. இவ்வளவு பக்தியான பெயரை ஏன் மாற்றிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், மனுக் கொடுத்திருக்கிறேன், உத்தரவு வரவில்லை என்பான். முப்பது வருடமாக அதே பதில்.

எட்டு மணிக்குக் கண் வங்கியிலிருந்து வந்து கண்களை எடுத்துக்கொண்டு போனார்கள். இருபது நிமிட வேலை. சுத்தமாகச் செய்தார்கள்.

அவன் எழுதி, நான் சாட்சிக் கையெழுத்துப் போட்ட கடிதம் என் பீரோவில் இருந்தது. எடுத்து வைத்தேன். ஐந்து வரி. பரிமளத்தின் பொட்டையும் வளையலையும் தாலியையும் யாரும் தொடக் கூடாது. பால் தெளிக்கக் கூடாது. பதினாறாம் நாள் காரியம் கூடாது. படத்துக்கு விளக்கு கூடாது. இவற்றை மாசிலாமணி பார்த்துக்கொள்வான். மாசிலாமணி நான்.

பரிமளம் அவன் மனைவி. செவ்வாய் வெள்ளி விரதம் தவறாதவள். போன வாரம் மருத்துவமனையில் அவளிடமும் சொன்னான்: “மாசி சொல்றபடி செய்.” சரி என்று தலையாட்டினாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

மாலை நடை இல்லை. கால் வலி.

ஜூலை 7, ஞாயிறு

வட்டத்தில் எந்தக் காரியத்தையும் ராகு காலத்தில் தொடங்குவது வழக்கம். மூடநம்பிக்கையை எதிர்ப்பதற்காகத் திருமேனி வகுத்த விதி. இதனால் அறந்தாங்கியில் எங்கள் அளவுக்குத் தினசரி காலண்டரை ஊன்றிப் படிப்பவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். ஞாயிறு ராகு காலம் மாலை நாலரை முதல் ஆறு. ஐந்து மணிக்கு எடுப்பதென்று முடிவு செய்தோம்.

தகன மேடைப் பொறுப்பாளர் போனில் சொன்னார்: “ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு மேல அடுப்பு கிடையாது சார். அதுக்குள்ள கொண்டாந்துருங்க.”

ஆகவே இரங்கல் உரைகளைப் பன்னிரண்டு மணிக்கே தொடங்கினோம். பேசியவர்கள் பதினோரு பேர். நான் இருபத்தைந்து நிமிடம் பேசினேன். ஒரு கம்பத்தில் ஏறி அறுந்த கம்பியை அவன் இணைத்த கதையை உதாரணமாகச் சொன்னேன். பெண்கள் உள்ளே காத்திருந்தார்கள். வெயிலில் பந்தல் சூடேறியது.

மதச் சடங்கில் ஒரு வசதி உண்டு. அடுத்து என்ன செய்வது என்பது கூட்டத்தில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் நிகழ்ச்சி நிரலை அச்சடித்தவர் பிரஸ் வைத்திருக்கும் ஜெபமணி. வரவேற்புரை, ஒரு நிமிட மௌனம், உரைகள், நன்றியுரை. நன்றியுரையும் முடிந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜெபமணியைப் பார்த்தேன். அவர் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

கடைசியில் அமரர் ஊர்தி ஓட்டுநர்தான் தலையை நீட்டினார். “எடுத்துரலாமா சார்? நானும் சாப்பிடணும்.”

எடுத்தோம். மணி 3.35.

வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன். ஞாயிறு நல்ல நேரம் 3.15 முதல் 4.15 வரை. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 8, திங்கள்

வேட்டி இரண்டு, சட்டை மூன்று துவைத்தேன். நல்ல வெயில்.

ஜூலை 9, செவ்வாய்

வட்டத்தின் ஆண்டுக் கூட்டம் 21ஆம் தேதி. ‘மதங்கள் என்ற அமைப்புகள் இல்லாவிட்டால் உலகம் மேம்படுமா?’ என்ற தலைப்பில் திருமேனி பேசுவதாக நோட்டீஸ் அடித்தாயிற்று. இனி நான் பேச வேண்டும். மேம்படும் என்பது முடிவு. உதாரணங்கள் மட்டும் வேண்டும்.

முதல் உதாரணம் சொந்த அனுபவம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஊரில் தேர் ஆறு வருடம் ஓடவில்லை. வடத்தை எந்தத் தெருக்காரர்கள் தொடலாம் என்று தகராறு. ஒருவருக்குக் கை போயிற்று. என் வகுப்பில் இரண்டு தெருப் பிள்ளைகளும் இருந்தார்கள். கப்பிப் பாடத்துக்குக் கயிற்றைக் கொடுத்து இழுக்கச் சொன்னேன். ஒரு பக்கத்தார் பிடித்த கயிற்றை மறு பக்கத்தார் தொட மறுத்தார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அன்று கப்பியை நானே தனியாக இழுத்துக் காட்டினேன்.

இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. ஆனாலும் நேர்மைக்காகத் தாளின் நடுவே கோடு போட்டு, வலது பக்கத்தை எதிர்த்தரப்புக்கு ஒதுக்கினேன்.

சாயங்காலம் பரிமளத்தைப் பார்க்கப் போனேன். பக்கத்து வீட்டு நூர்ஜஹான் மூன்று நாளும் மூன்று வேளையும் சாப்பாடு கொடுத்தனுப்பியிருக்கிறார். துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பது அவர்கள் ஏற்பாடு. நாலாம் நாளான இன்று வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க முடியாது. அவர்களிடம் மூன்று நாள் இருக்கிறது, எங்களிடம் அந்த மூன்றும் இல்லை.

வலது பக்கத்தில் ‘சாப்பாடு’ என்று எழுதினேன்.

ஜூலை 10, புதன்

திருமேனியின் மகன் செங்குட்டுவன் சிங்கப்பூர் திரும்பினான். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன்.

“இன்னும் பத்து நாள் இருக்கக் கூடாதாப்பா?”

“பதினாறு வைக்கிறதா இருந்தா லீவ் கேட்டிருப்பேன் மாமா. அதான் அப்பா வேணாம்னு எழுதிட்டாரே. என்ன காரணம்னு போடுறது?”

அவன் கம்பெனி விடுப்புப் படிவத்தில் இறுதிச் சடங்கு என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அம்மா தனியாக இருக்கிறாள் என்பதற்குக் கட்டம் இல்லை. அவன் சொல்வது நியாயம்தான். வலது பக்கத்தில் ‘படிவம்’ என்று எழுதினேன்.

ஜூலை 12, வெள்ளி

போகும்போது மணி பத்தரை. பரிமளம் குளித்து, தலை வாரி, கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். வாடகை நாற்காலிகளில் ஆறு இன்னும் சுவரோரம் வரிசையாக இருந்தன.

“யாராச்சும் வருவாகண்ணே. திருப்பிக் குடுத்துட்டா உக்கார எடமில்ல.”

“யாரு வந்தா?”

“யாரும் வரல. தெருவுல பாக்கும்போது சொல்றாக, ஒருநா வர்றோம் ஒருநா வர்றோம்னு. என்னிக்குன்னு அவுகளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல.”

காபி போட்டாள். அவளுக்குப் போட்டுக்கொள்ளவில்லை. டம்ளரை என்னிடம் நீட்டிவிட்டுக் கேட்டாள்:

“அண்ணே, பதினாறு வச்சிரட்டுமா?”

எடுத்துச் சொன்னேன். கடிதத்தில் தெளிவாக இருக்கிறது, நான் சாட்சி. அதோடு பதினாறு என்று கதவைத் திறந்தால் யார் யார் உள்ளே வருவார்கள் என்பதையும் சொன்னேன். திருமேனியின் அக்கா அரிமளத்தில் இருக்கிறார், எண்பத்தொரு வயது. தாலி வாங்குவது, வளையலை உடைப்பது எல்லாம் முன்னின்று செய்துவைப்பவர். அந்த முதல் வரியைத் திருமேனி அவரை நினைத்துத்தான் எழுதினான்.

“எங்க நாத்தனார நான் பாத்துக்குறேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களக் கேக்காம செய்யிறதில்லன்னு தலையாட்டிட்டேன்.”

“முடியாதும்மா.”

“சரி. படத்துக்கு ஒரு வெளக்காவது?”

“அதுவும் நாலாவது வரியில இருக்கு.”

அவள் கோபப்படவில்லை. காபி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “குருக்கள்ட்டப் போனா தோஷம்னு சொல்லுவாரு, கூடவே ஒரு பரிகாரமும் சொல்லுவாரு. உங்ககிட்ட அது இல்லையேண்ணே.”

வழியில் கத்தரிக்காய் வாங்கினேன். சொத்தை.

ஜூலை 14, ஞாயிறு

நாலரைக்கு வட்டம் கூடியது. ஐந்து பேர். திருமேனியின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அதைக் காலியாகவே வைப்பதென்று ஜெபமணி முன்மொழிந்தார். மூக்குக் கண்ணாடியை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்றார். கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார்.

பிறகு படம் பற்றிப் பேச்சு வந்தது. விளக்கு கூடாது என்றால் மின்சார பல்பு கூடுமா என்று ஒருவர் கேட்டார். எண்ணெயும் திரியும் இருந்தால்தான் சடங்கு, மின்சாரம் விஞ்ஞானம் என்றார் ஜெபமணி. வாக்கெடுப்பு நடந்தது. மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் பல்பு வென்றது. நிறம் சிவப்பு. நான் எதிர்த்து வாக்களித்ததைக் குறிப்பேட்டில் பதிவு செய்தேன்.

இன்னொன்றும் நடந்தது. வட்டத்தின் மூத்த உறுப்பினர் தன் காலத்துக்குப் பிறகு “தலைவருக்குச் செஞ்ச மாதிரியே வரிசை மாறாம எனக்கும்” செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதே நிரல், அதே ஒரு நிமிடம், முடிந்தால் அதே ஓட்டுநர்.

இரவு எட்டு மணிக்கு என் மகள் நிறைமதி கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். ஞாயிறுதோறும் பேசுவாள், மூன்று நிமிடம். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, வைக்கிறேன். பரிமளத்தின் உடம்பு எப்படி என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

நிறைமதியின் அம்மா, என் மனைவி விசாலம் இறந்து வரும் அக்டோபரோடு ஒன்பது வருடம். அதற்கும் சடங்கு எதுவும் செய்யவில்லை. பதினாறாம் நாளில் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு எடுத்தேன். சடங்கு இல்லாமலும் ஒரு குடும்பம் துக்கத்தைக் கடக்க முடியும் என்பதற்கு இதை இடது பக்கத்தில் உதாரணமாக எழுதியிருக்கிறேன்.

ஜூலை 15, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு நூர்ஜஹான் போன் செய்தார். பரிமளம் கொல்லையில் மயங்கி விழுந்திருக்கிறாள். சர்க்கரை இறங்கிவிட்டது. ஆட்டோவில் கொண்டுபோய் இரண்டு பாட்டில் ஏற்றி, மூன்று மணிக்கு வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

சமையல் அறையைப் பார்த்தேன். அரிசிப் பானையின் மேல் தட்டு கவிழ்த்தபடி இருந்தது. மூன்று நாளாக அடுப்புப் பற்றவைக்கவில்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டிருக்கிறாள்.

நூர்ஜஹான் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: “எங்க வீட்டுல ஆம்பள போனா, நாலு மாசம் பத்து நாளுன்னு ஒரு கணக்கிருக்கு சார். இருக்கவும் நாள் இருக்கு, எந்திரிக்கவும் நாள் இருக்கு. இந்தம்மாவுக்கு எப்ப எந்திரிக்கணும்?”

நாளை சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

சொல்லவில்லை.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி நாலரை மணிக்கே தொடங்கிவிட்டது. இடது பக்கத்தில் ‘ஒலிபெருக்கி’ என்று எழுதினேன். அந்தப் பக்கத்தில் சில நாளுக்குப் பிறகு ஒரு வரி.

பரிமளத்துக்கு இட்லி வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்ததால்தான். அவள் மனத்தைத் தேற்றுவதற்காக என் சொந்த உதாரணத்தைச் சொன்னேன். விசாலம் போனபோது பதினாறாம் நாள் நானும் மதியும் எதுவும் செய்யவில்லை, செய்யாமலேயே கடந்துவிட்டோம் என்றேன்.

பரிமளம் இட்லியை வைத்துவிட்டாள்.

“செஞ்சோம்ணே.”

“யாரு?”

“மதிதான். காலையில எட்டு மணிக்கு வந்து வாசல்ல நின்னா. அப்பா கிளாஸ் எடுக்கப் போயிட்டாரு அத்தை, அம்மாவுக்கு இன்னிக்குப் பதினாறுன்னா. அதுக்கு மேல பேச முடியல புள்ளைக்கு.”

“திருமேனி வீட்டுல இல்லையா?”

“இருந்தாரு. அவருதான் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயி எல, காய் எல்லாம் வாங்கியாந்தாரு. வெளக்கேத்துனோம். விசாலம் அண்ணிக்குப் புடிச்ச மொச்சக் கொழம்பு வச்சேன். தேங்கா ஒடைக்க ஆம்பள வேணும்னப்ப அவரு முழிச்சாரு. அப்புறம் அவரே ஒடைச்சாரு. கோணலா ஒடைஞ்சுச்சு.”

திருமேனி தேங்காய் உடைத்ததை நான் மனத்தில் நிறுத்திப் பார்க்க முயன்றேன். வரவில்லை.

“அப்ப ஏன் தனக்கு வேண்டாம்னு எழுதினான்?”

“அவருக்கு நம்பிக்கை கெடையாது. இல்லாதத இருக்குன்னு சொல்ல மாட்டாரு. ஆனா ஒரு புள்ள வந்து வாசல்ல நின்னா உள்ள கூப்புட்டு உக்கார வைப்பாரு. அது வேற, இது வேறண்ணே.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லிருங்கன்னு நான் சொன்னேன். மாசி விதியைக் காட்டுவான், வேணாம்னாரு.”

பிறகு இட்லியை எடுத்துக்கொண்டாள். “அவருக்கு என்ன வேணும்னு நாப்பத்தாறு வருசம் கேட்டுக் கேட்டுச் செஞ்சாச்சு. இப்ப எனக்கு இது வேணும்ணே. நாலு பேரு வந்து உக்காந்து சாப்புட்டு, சரி பரிமளம், எந்திரின்னு சொல்லணும். அவ்வளவுதான்.”

ஜூலை 18, வியாழன்

பழைய டைரிகள் பரணில் இருக்கின்றன. ஏணி வைத்து ஏறி எடுத்தேன். அந்த வருடத்து அக்டோபர் 18இல் இப்படி எழுதியிருக்கிறேன்:

‘ஞாயிறு. சிறப்பு வகுப்பு, ஒளி விலகல். வந்தவர்கள் 31. மதி மதியம் வீட்டில் இல்லை, தோழி வீட்டுக்குப் போயிருக்கலாம். திருமேனி மாலை நடைக்கு வரவில்லை. சாப்பாடு அதிகமாகிவிட்டதாம்.’

எல்லாம் இருக்கிறது. ஒன்பது வருடமாக என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

ஏணியை மடக்கிச் சாய்த்து வைத்தேன். ஒரு கால் ஆடுகிறது, ஆணி அடிக்க வேண்டும்.

ஜூலை 19, வெள்ளி

காலை ஏழு மணிக்கே போய்ச் சொன்னேன். “ஞாயித்துக்கிழமை வச்சுக்கம்மா.”

அவள் எழுந்து போய் நாற்காலிகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

பத்து மணியிலிருந்து போன் செய்தேன். இருபத்திரண்டு பேருக்கு. கால்மணி நேரம் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் அரை நிமிடத்துக்கு மேல் பேசவில்லை. “ஞாயித்துக்கிழமையா? எத்தனை மணிக்கு? வந்துர்றோம்.” அவ்வளவுதான். இரண்டு வாரமாக ஒருநாள் வருகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள்தான்.

செங்குட்டுவனுக்கு விடுப்பு இல்லையாம். வீடியோவில் பார்க்கிறேன் என்றான்.

கடைசியாக நிறைமதிக்குப் பேசினேன். ஞாயிறு அல்லாத நாளில் நான் அழைத்ததால் முதலில் பயந்துவிட்டாள்.

“திருமேனி மாமாவுக்குப் பதினாறு வைக்கிறோம். நாளை மறுநாள்.”

“யாரு வைக்கிறது?”

“பரிமளம்.”

“நீங்க?”

“நான் சரின்னு சொல்லிட்டேன்.”

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

“வர்றேன்” என்றாள்.

மதியம் ஜெபமணி வந்தார். செய்தி அதற்குள் எட்டிவிட்டது. “சார், இன்னிக்கு வெளக்குன்னு சொல்லுவாங்க. நாளைக்கு ஐயர் வருவாரு. அப்புறம் நம்ம நோட்டீஸ்ல போட்டதுக்கு என்ன அர்த்தம்? தலைவர் கடிதத்தையே மீறினா நம்ம கிட்ட என்ன மிஞ்சும்?”

“சிவப்பு பல்பு மிஞ்சும்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஜூலை 20, சனி

ஏணிக்கு ஆணி அடித்தேன். மதி இரவு பஸ்ஸில் கிளம்புவதாகச் சொன்னாள். அவள் அறையைப் பெருக்கினேன். தலையணை உறை கிடைக்கவில்லை, என்னுடையதைப் போட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

மதி நேரே பரிமளம் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் எட்டு மணிக்குப் போனபோது புடவையைச் செருகிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, “வாங்கப்பா” என்றாள். இலை நறுக்கும் வேலை எனக்கு.

ஐயர் வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை. நாற்பது பேர் வந்தார்கள். ஆறு நாற்காலி போதாமல் நூர்ஜஹான் வீட்டிலிருந்து பாய் வந்தது. படத்துக்கு முன் இலை போட்டு, விளக்கேற்றினார்கள். பரிமளம் அழுதாள். பதினாறு நாளில் இப்போதுதான் அழுகிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் யாரும் தடுக்கவில்லை, அவளைப் பிடித்துக்கொண்டார்கள். எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பத்தரைக்கு அரிமளத்து அக்கா எழுந்தார். கையில் மஞ்சள் பை.

“சரி. எல்லாரும் வந்தாச்சு. பரிமளத்தக் கொல்லப் பக்கம் கூட்டிட்டு வாங்க. தாலிய வாங்கணும்.”

இரண்டு பெண்கள் பாதி எழுந்து நின்றார்கள். உட்காரவும் இல்லை. எனக்கு அந்தக் கப்பியும் கயிறும் ஞாபகம் வந்தது. இதற்குத்தான் நான் பயந்தேன், பயந்தது சரி என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் கொஞ்சம் திருப்தியும் இருந்தது என்பதை எழுதிவிடுகிறேன்.

பரிமளம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, அந்தக் கடுதாசிய எடுங்க.”

சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியைப் படித்தேன். வகுப்பில் படிப்பதுபோல் சத்தமாக, நிறுத்தி, இரண்டு முறை.

அக்கா சொன்னார்: “அந்தக் கடுதாசியில பதினாறும் வேணாம்னுதானடா எழுதியிருக்கான்? அத மட்டும் மீறுவீங்களாக்கும்?”

நல்ல கேள்வி. வகுப்பில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் பாராட்டியிருப்பேன்.

பரிமளம்தான் சொன்னாள். “ஆமா மதினி. உக்காந்து அழ எனக்கு நாள் வேணும், அத எடுத்துக்கிட்டேன். இது வேணாம், எடுக்கல. உங்க தம்பி இருந்தா ரெண்டுக்கும் சரின்னுதான் சொல்லுவாரு. வாங்க, மொதப் பந்தியில உக்காருங்க. உங்களுக்கு உப்புக் கம்மியாத் தனியா எடுத்து வச்சிருக்கேன்.”

அக்கா மஞ்சள் பையை மடித்தார். முதல் பந்தியில் உட்கார்ந்தார். பிடிக்காத முகத்தோடுதான். ஆனால் ரசம் இரண்டாம் முறை வாங்கினார். போகும்போது பரிமளத்தின் கையைப் பிடித்து, “சரிடி. எந்திரி. வேலயப் பாரு” என்றார். பரிமளம் கேட்டிருந்த வார்த்தை அதுதான். அவர் வாயிலிருந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சாயங்காலம் நாலரைக்கு ஆண்டுக் கூட்டம். பதினெட்டுப் பேர். என்னிடம் பன்னிரண்டு பக்கம் இருந்தது. தேர்வடத்தைச் சொன்னேன். காலையில் பார்த்த மஞ்சள் பையைச் சொன்னேன். மதங்கள் என்ற அமைப்புகள் இல்லாவிட்டால் உலகம் மேம்படும் என்றே இன்றும் நினைக்கிறேன் என்றேன். கைதட்டினார்கள்.

பிறகு ஓர் உதாரணம் சொன்னேன். ஒரு தலைமையாசிரியர் மோசமானவர் என்று மாற்றல் வாங்கிக் கொடுக்கிறோம். நல்லது. ஆனால் அவர் போகும்போது சார்ஜ் ஒப்படைக்க வேண்டும். எந்தச் சாவி எந்த அறைக்கு, சத்துணவு அரிசி எங்கே, மழைக்கு ஒழுகும் வகுப்பு எது. புதியவர் ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நாம் பழையவரை வெளியே அனுப்பினோம், ஒன்றையும் வாங்கிக்கொள்ளவில்லை. பன்னிரண்டாம் தேதி ஒரு பெண் அறைக்கு வெளியே நின்று சாவி கேட்டாள். நான் விதியைக் காட்டினேன்.

இதற்குக் கைதட்டல் இல்லை. ஜெபமணி நன்றியுரையில் என் பெயரை விட்டுவிட்டார். வெளியே வந்து, “கண்ணாடிப் பெட்டி வேணாம்னா சொல்லுங்க சார், ஆர்டர் இன்னும் குடுக்கல” என்றார். வேண்டாம் என்றேன். சரி என்றார்.

வீட்டுக்கு வந்தால் மதி காபி போட்டு வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை வரை இருக்கப் போகிறாளாம். அவள் வேறு வேலையாக எழுவதற்குள், அம்மாவின் நாள் அக்டோபர் 3 தானே, இந்த வருடம் என்ன கிழமை என்று கேட்டேன்.

“தேதி பாக்கக் கூடாதுப்பா. திதி பாக்கணும். புரட்டாசி தேய்பிறை சஷ்டி. இந்த வருசம் செப்டம்பர் 23, திங்கக்கிழமை வருது.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“வருசா வருசம் கும்புடுறேனே.”

காபி ஆறிக்கொண்டிருந்தது.

“திதி எப்படிக் கணக்குப் பண்றது?” என்று கேட்டேன்.

அவள் நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு வட்டம் போட்டு, சூரியனையும் சந்திரனையும் வரைந்தாள். இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு பாகை கூடினால் ஒரு திதி. முப்பது திதி ஒரு சுற்று. முழு நிலவு கழிந்து ஆறாவது, அம்மாவுடையது.

சந்திரனின் கலைகளை நான் முப்பத்து மூன்று வருடம் நடத்தியிருக்கிறேன். அவள் போட்ட படத்தில் பிழை இல்லை. புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லு என்றேன். சொன்னாள்.